கடல் இல்லாத நாட்டிலிருந்து வந்த மச்சாள்

சாம்பியாவிலிருந்து மச்சாள் வரப்போகிறாள் என்று தெரிந்தவுடன் நான் செய்த முதல் வேலை, வீட்டுத் திரைச்சீலைகளை மாற்றியதுதான். பாரிசின் லாச்சப்பலில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் விற்காமல் கிடந்த தங்கநிறத் துணியை வாங்கித் தைத்து, பொபினியில் இருக்கும் எங்கள் மாடி வீட்டு ஜன்னல்களில் தொங்கவிட்டேன்.

"இஞ்சை ஆருக்குக் கலியாணம்?" என்று என் மனிசன் கேட்டார்.

"ஆக்கள் வரேக்கை வீடு வீடா இருக்கவேண்டாமோ?" என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ரெஸ்ரோரண்ட் குசினியில் இத்தனை வருடம் சமையல்காரராக நின்றவருக்கு எப்போது வாயை மூடவேண்டும் என்று தெரியும்.

மச்சாள் என் தாய்மாமன் மகள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் வாத்திமாரும் கணக்காளர்களும் சாம்பியாவுக்கு வேலைக்குப் போவது வழக்கம். அப்படிப் போன ஒருவருக்குப் பெண் தேடினார்கள். செம்புச் சுரங்கக் கொம்பனியில் கணக்காளர். முதலில் பேசி வந்தது எனக்குத்தான்.

நான் பள்ளிக்கூட அட்லசை விரித்துப் பார்த்தேன். ஆபிரிக்காவின் நடுவயிற்றில், நாலு பக்கமும் வேறு நாடுகள் நெருக்கிக்கொண்டு நிற்க, ஒரு துளி நீலம்கூடத் தொடாத நாடு. "கடலே இல்லாத இடத்துக்கு நான் போகமாட்டன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளில் பிரான்ஸ் மாப்பிள்ளை பேசி வந்தது. பிரான்ஸ் என்றால் பாரிஸ். நான் ஓம் என்றேன். சாம்பியாக்காரரை மச்சாள் கட்டினாள்.

அதன்பிறகு பல வருடங்கள் அவளை நினைத்து நான் பரிதாபப்பட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டு மெத்ரோவுக்குப் போகும்போதும், முதலாளியிடம் பேச்சு வாங்கும்போதும், பாவம், மச்சாள் அந்தக் காட்டில் என்ன செய்கிறாளோ என்று நினைப்பேன். மனம் கொஞ்சம் ஆறும். சுரங்கத்தை வேறு ஆட்கள் வாங்கி அவளுடைய மனிசனுக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்ட நாளில் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். உண்மையான கவலையோடுதான் செய்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது காலடி லேசாக இருந்தது.

அவர்கள் தெற்கே லிவிங்ஸ்டன் என்ற ஊருக்குப் போய், பெரிய நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதி தொடங்கியது பின்னால் தெரியவந்தது. அதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாலு அறையும் ஒரு குசினியுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உறவுக்காரப் பெண்ணின் கலியாணத்துக்காகத்தான் அவள் பாரிசுக்கு வந்தாள். எயார்போர்ட்டில் அவளைக் கண்டதும் எனக்கு முதல் அடி விழுந்தது. தலைமயிருக்கு மை பூசவில்லை. வெள்ளையாக அப்படியே விட்டு, பின்னால் அள்ளிக் கட்டியிருந்தாள். வெயிலில் கறுத்த முகம். சாதாரணப் பருத்திச் சட்டை, காலில் ஓட்டக்காரர் போடுகிற சப்பாத்து. ஆனால் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வந்த வேகத்தைப் பார்க்கவேண்டும்! நான் மை பூசி, முழங்காலுக்குப் பட்டி போட்டு, பின்னால் இழுபட்டுக்கொண்டு நடந்தேன்.

"எடியே, நீ அப்பிடியே இருக்கிறாய்" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அப்படியே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் இடியப்பமும் சொதியும் கோழிக்கறியும் செய்திருந்தேன். அவள் பெட்டியிலிருந்து ஒரு பொதியை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே சின்னச் சின்னக் கருவாடு. பார்த்தால் அசல் நெத்தலி.

"கடல் இல்லாத நாட்டிலை நெத்தலி எப்பிடி வந்தது?" என்று மனிசன் கேட்டார்.

"இது கப்பென்ரா. வடக்கை தங்கனிக்கா எண்டு ஒரு வாவி இருக்கு. கரை தெரியாது, அவ்வளவு பெரிசு. நிலவில்லாத இரவிலை வள்ளத்திலை விளக்குக் கொளுத்தி இதைப் பிடிப்பினம்" என்றாள் மச்சாள். அவளே குசினிக்குள் போய் வெங்காயத்தோடும் மிளகாயோடும் பொரித்துக்கொண்டு வந்தாள். மனிசன் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். என் கோழிக்கறி சட்டியில் கிடந்தது.

வாசம் பிடித்து மகளும் அறையிலிருந்து வெளியே வந்தாள். இங்கே பிறந்து வளர்ந்தவள். உல்லாசப் பயணத்துறை படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மச்சாளுக்குப் பிரெஞ்சு தெரியாது என்று இங்கிலிஷில் கதைக்கத் தொடங்கினாள்.

மச்சாள் சிரித்தாள். "பிள்ளை, இங்கிலிஷ் எனக்கு நாள் முழுக்க வேலைக்கு. சாப்பாட்டு மேசையிலை தமிழ் கதைப்பமே?"

மகள் ஒரு கப்பென்ராவை எடுத்துக் கடித்தாள். பிறகு, "சரி மாமி. நான் பிழையாக் கதைச்சால் சிரிக்கக்கூடாது" என்றாள்.

எனக்குக் கையில் இருந்த சொதிக் கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதே வார்த்தையை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கெஞ்சியிருக்கிறேன், ஏசியிருக்கிறேன், தமிழ்ப் பள்ளிக்கு அழ அழ இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். வந்திறங்கிய முதல் நாளே இவளுக்குக் கிடைத்துவிட்டது.

"மாமி, உங்கடை நாடு எப்பிடி இருக்கும்?" என்று மகள் கேட்டாள்.

மச்சாள் ஒரு ரொட்டியை எடுத்துத் தட்டில் விரித்தாள். மேல் விளிம்பின் நடுவே விரலால் ஒரு துண்டைப் பிய்த்தாள். ரொட்டி சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி ஆனது. "இந்தப் பிய்ச்ச இடத்திலை கொங்கோ குத்திக்கொண்டு நிக்குது. அதுக்குக் கிட்டத்தான் செம்பு" என்று கொஞ்சம் ஊறுகாய் வைத்தாள். வலது சிறகின் உச்சியில் ஒரு கப்பென்ரா, அது தங்கனிக்கா வாவி. கீழ் விளிம்போரமாகக் கரண்டியால் சொதியைக் கோடாக ஊற்றினாள். "இது சம்பேசி ஆறு. ஆத்துக்கு அங்காலை சிம்பாப்வே. இந்த இடத்திலை ஆறு அப்பிடியே பொத்தெண்டு கீழை விழுகுது. ஊர்ச் சனம் அதுக்கு வைச்ச பேர், இடி முழங்கும் புகை. தண்ணி கூடின மாசங்களிலை எங்கடை வீட்டு முத்தத்திலை நிண்டாலே புகை தெரியும்."

மகள் அந்த ரொட்டியைப் படம் எடுத்தாள். நான் சுட்ட ரொட்டி. ஒருநாளும் அவள் அதைப் படம் எடுத்ததில்லை.

"ஏன் மாமி, செம்பு இருந்தால் பணக்கார நாடுதானே?"

"செம்பு விலை ஏறினால் எங்கடை காசு நிமிரும். விழுந்தால் படுக்கும். செம்பு வெளியிலை போறதுக்கும் எண்ணெய் உள்ளை வாறதுக்கும் மற்ற நாட்டுத் துறைமுகம்தான். லொறி எல்லையிலை நிண்டு நிண்டு வரவேணும். ஒரு பக்கத்திலை சண்டை எண்டால் மற்றப் பக்கத்தாலை சுத்த வேணும். அயலோடை கோவிச்சுக்கொண்டு நாங்கள் சீவிக்கேலாது" என்றாள். பிறகு மகளின் கன்னத்தைத் தட்டி, "வேலை போன நேரம் என்ரை மனிசன் ஒண்டு சொன்னவர். செம்பு கிண்டக் கிண்டக் குறையும், ஆறு வருசா வருசம் வரும், அதுக்குப் பக்கத்திலை போவம் எண்டு. அப்பிடித்தான் விடுதி துவங்கினது" என்றாள்.

அடுத்த நாட்களில் அவளுக்குப் பாரிசைக் காட்டினேன். காட்டினேன் என்று சொல்வது சரியில்லை, மகள்தான் காட்டினாள். செய்ன் ஆற்றுப் படகில் நானும் அன்றைக்குத்தான் முதல் முதல் ஏறினேன். அது மச்சாளுக்குத் தெரியக்கூடாது என்று முகத்தை அலட்சியமாக வைத்துக்கொண்டிருந்தேன். "வடிவான ஆறு, நல்ல அடக்கம்" என்றாள் அவள். புகழ்ந்தாளா, குறைத்தாளா? வீடு வந்து படுக்கும்வரை யோசித்தேன்.

கலியாண மண்டபத்தில் இன்னும் மோசம். திரான்சி, கார்ஜ் என்று எங்கெங்கோ இருந்து வந்த பெண்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யானை விடுதிக்குள் வருமா, நீர்யானை கடிக்குமா, மாம்பழம் காய்க்குமா? நான் கடையிலேயே விலை கூடிய காஞ்சிபுரம் உடுத்திருந்தேன். ஒருவரும் ஓரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அங்கை கரண்டே இல்லையாம். இருட்டுக்குள்ளைதான் இருக்கினம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பெண்கள் மச்சாளைப் பார்த்தார்கள். அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"ஓம், உண்மைதான்" என்றாள் மச்சாள். "எங்கடை கரண்ட் முழுக்க அணைத்தண்ணியிலை. மழை பிழைச்சால் கரிபா அணை இறங்கிப்போகும். பேந்து ஒரு நாளிலை கொஞ்ச நேரம்தான் லைற் எரியும். சனத்தின்ரை சோளமும் காய்ஞ்சு போகும். நாங்கள் கூரையிலை சோலர் போட்டபடியால் தப்பினம், போடாத சனம்தான் பாவம். ஒக்டோபரிலை வந்தியளெண்டால் எங்கடை பக்கத்து அருவியும் வெறும் கல்லு. வெள்ளைக்காரர் பாலத்தைத் தாண்டிச் சிம்பாப்வே பக்கத்துக்குப் போயிடுவினம். நாங்கள் ஈ ஓட்டுவம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். குறையை மறைக்காமல் எடுத்துப் போடுகிறவளை எப்படித்தான் மட்டம் தட்டுவது?

அவள் திரும்பிப் போவதற்கு முதல்நாள் மகள் மேசையில் வைத்துச் சொன்னாள். கோடையில் வெளிநாட்டில் ஸ்தாஜ், அதாவது வேலைப் பயிற்சி, செய்யவேண்டும். மாமியின் விடுதியில் செய்யப் போகிறாளாம். இருவரும் ஏற்கனவே கதைத்து முடித்துவிட்டார்கள்.

"லண்டனிலை செய்யலாம், ஸ்பெயினிலை செய்யலாம். ஏன் அவ்வளவு தூரம்?" என்றேன்.

"அம்மா, எனக்கு அங்கைதான் விருப்பம்" என்றாள். தமிழில் சொன்னாள். என்னோடு தமிழில் அவள் பேசிய முதல் முழு வசனம் அதுவாக இருந்திருக்கவேண்டாம்.

மனிசன், "போயிட்டு வரட்டும்" என்றார். அவள் போனாள்.

அங்கிருந்து வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மாமி சொன்னவ, மாமி செய்தவ, மாமி கூட்டிக்கொண்டு போனவ. ஆற்றில் படகில் போனாளாம், நீர்யானை மூச்சு விடும் சத்தம் கேட்டதாம். சோளமாவில் நிசீமா என்று களி கிண்டுவார்களாம், கையாலே உருட்டிச் சாப்பிடவேண்டுமாம். இங்கே கையால் சாப்பிடு என்றால் முகத்தைச் சுளித்தவள். நான் நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டு, கடையில் மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடித்தேன்.

ஓகஸ்ட் தொடங்கியதும் முதலாளியிடம் வக்கான்ஸ் கேட்டேன்.

"என்னக்கா, பிள்ளையார் தேர் வருது. இந்த மாசம்தானே யாவாரம்! இப்ப லீவு கேக்கிறியள்?" என்று தலையில் கைவைத்தார்.

"பிள்ளையைப் பார்க்கவேணும்" என்றேன். அது பாதி உண்மை. அந்த வீட்டையும் அந்த அருவியையும் என் கண்ணால் பார்த்துவிடவேண்டும், அதில் ஏதாவது ஒரு ஓட்டை இருக்கவேண்டும் என்பதுதான் மிச்சம்.

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி லுசாகாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்சில் தெற்கே போனேன். காய்ந்த புல்லும் சிவப்பு மண்ணும் வழி முழுக்க. செம்புத் தகடுகளை அடுக்கிக்கொண்டு லொறிகள் வரிசையாகக் கடலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. பாதையோரத்தில் பெண்கள் தக்காளியைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்து விற்றார்கள். எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. பிடித்ததால் இன்னும் எரிச்சல் வந்தது.

விடுதியில் நான் நினைத்த நாலு அறை இல்லை. மாமரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வீடுகள், கூரை முழுக்க சோலர். பணிப்பெண்கள் மச்சாளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். என் மகள் முற்றத்தில் நின்று ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்கு வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். ஆனால் உடனேயே, "அம்மா, கொஞ்சம் இருங்கோ, ஆக்களை அனுப்பிப்போட்டு வாறன்" என்று திரும்பிவிட்டாள்.

"உன்ரை பிள்ளை வந்த பிறகு பிரெஞ்சுக்காரர் எல்லாம் இஞ்சைதான் வருகினம்" என்றாள் மச்சாள். "நாங்கள் இவ்வளவு காலமும் அவையோடை கையாலையும் காலாலையும்தான் கதைச்சம்."

அடுத்தநாள் அந்தப் பிரெஞ்சுத் தம்பதியோடு அருவிக்குப் போனோம். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஒடுக்கமான பாலத்தில் நடந்தோம். அந்தச் சத்தத்தை என்ன சொல்வது! நெஞ்சுக்குள் ஏதோ உருளுவது போல இருந்தது. கீழேயிருந்து எழும்பிய தண்ணீர் மேலேயிருந்து மழையாகக் கொட்டியது. மகள் முன்னால் நின்று, அந்தத் தம்பதிக்குப் பாறை எப்படி வெடித்தது, அருவி எப்படி ஒவ்வொரு வெடிப்பாகப் பின்வாங்கியது என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, முகமெல்லாம் தண்ணீராக. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெண்மணி என்னிடம் திரும்பி, "உங்கள் மகளா? இங்கேயே பிறந்தவள் என்று நினைத்தோம்" என்றாள்.

"பாரிசில் பிறந்தவள்" என்றேன், தேவைக்கு மேல் உரத்து.

மகள் மச்சாளின் காதில் ஏதோ சொன்னாள். பாதி தமிழ், பாதி அந்த ஊர்ப் பாஷை. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நான் தண்ணீரைப் பார்ப்பது போல நின்றேன். முகம் நனைந்திருந்தது வசதியாகப் போயிற்று.

மறுநாள் காலை குசினியில் மச்சாளும் நானும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அந்த ஊரில் கீரையை நிலக்கடலை மாவோடு சமைப்பார்கள். இனியும் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"நீ ஒருநாளும் யோசிச்சதில்லையோ?" என்றேன். "நான் அண்டைக்கு மாட்டன் எண்டு சொல்லாமல் விட்டிருந்தால் நீயும் பாரிசிலையோ கனடாவிலையோ இருந்திருப்பாய் எண்டு?"

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "என்ன மாட்டன் எண்டு சொன்னனீ?"

"உன்ரை மனிசனை. முதல் எனக்குத்தானே பேசினவை."

அவள் என்னை அப்படியே பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. இந்த முப்பது சொச்ச வருடமும் அவளுக்கு அது தெரியவே தெரியாது. நான் வேண்டாம் என்று தள்ளியதை எடுத்து அவள் சீவிக்கிறாள் என்ற நினைப்பிலேயே நான் இருந்திருக்கிறேன். அந்த நினைப்பு என் ஒருத்தியிடம் மட்டும்தான் இருந்திருக்கிறது.

பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். "இஞ்சாருங்கோ! இஞ்சை ஒருக்கா வாங்கோ! உங்களை இவள் வேண்டாம் எண்டவளாம்!"

மூக்குக்கண்ணாடியோடு அவளுடைய மனிசன் குசினி வாசலில் வந்து நின்றார். அவருக்கும் அது புதுச் செய்திதான். பெரியவர்கள் பேசி, பெரியவர்களே மறைத்துவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். பகிடியாக இல்லாமல், மரியாதையாகவே சொன்னார்.

"அப்ப நான் உங்களுக்கு நன்றி சொல்லவேணும்."

மச்சாள் சிரிப்பை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டபின் நான் கேட்க நினைத்திருந்த மிச்சக் கேள்விகளை விட்டுவிட்டேன். அவள் வேறொரு வாழ்க்கையை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவளும் என்னை நினைத்துக் கொஞ்சமாவது எரிந்திருப்பாள் என்று நான் நம்பியிருந்தேன். ஒரு கங்குகூட இல்லை. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒருத்தியும் இல்லை என்பதுதான் அந்தப் பயணத்தில் எனக்குப் பொறுக்கமுடியாமல் போன விஷயம்.

அன்று மத்தியானம் என் கையைப் பிடித்து ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனாள். மரத்தின் கீழ் நெடுநேரம் இருந்தோம். அக்கரையில் யானைகள் வரிசையாக இறங்கித் தண்ணீர் குடித்தன. "இஞ்சை வந்து இரன், ரண்டு பேருமா" என்றாள் திடீரென்று. "உன்ரை மனிசன் குசினியைப் பார்ப்பார், நீ என்னோடை நிக்கலாம்." மனதாரத்தான் கேட்டாள். ஓம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் அவளுடைய வீட்டில், அவளுடைய ஆற்றங்கரையில், அவளுடைய ஆளாக இருக்கவேண்டும்.

"யோசிப்பம்" என்றேன்.

மகள் என்னோடுதான் பாரிசுக்குத் திரும்பினாள். படிப்பை முடித்தாள். முடித்த கையோடு திரும்ப லிவிங்ஸ்டனுக்குப் போனாள், இந்த முறை சம்பளத்துக்கு. நான் மறிக்கவில்லை. மறித்தாலும் நிற்கமாட்டாள் என்று தெரியும். அருவிப் பாலத்தில் கத்திக்கொண்டு நின்ற அந்த முகத்தைப் பார்த்தபின் மறிக்க மனமும் வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் மகள் எங்கே என்று கேட்டால் சொல்கிறேன். ஆபிரிக்காவோ என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அப்போது எனக்குக் கோபம் வரும். உங்களுக்கு என்ன தெரியும் என்று சண்டைக்குப் போய்விடுவேன்.

அங்கே மழை பெய்து ஆட்கள் குறையும் தை, மாசியில் மகள் வீட்டுக்கு வருவாள். போன மாசம் வந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளுக்குப் பிடித்த இறால் கறி வைத்தேன். என்னோடு குசினியில் நின்று வெங்காயம் உரித்தாள். தமிழிலேயே கதைத்தாள், ஆற்றைப் பற்றி, விடுதிக்கு வந்த ஒரு கிழவரைப் பற்றி, தன் முதுகு வலியைப் பற்றிக்கூட. சோற்றைப் போடப் போகும்போது போன் அடித்தது. மகள் எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்த விதத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

"மாமி!" என்று போனோடு அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சிரிப்புக் கேட்டது.

பழைய எரிச்சல் எழும்பியது. சோறு ஆறிப்போய்விடும், வா என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை. கறிச்சட்டியை மூடி, அடுப்பை நன்றாகக் குறைத்து வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.